யாரோ தள்ளுன மாதிரி

அடுத்த வீட்டுக் கனகம் சொன்னத அப்படியே நம்பிட்டு வந்திருக்கியேட்டி பேச்சி. என்னயப் பேய் தள்ளுதுன்னு சொன்னாளாக்கும். கெணத்துல குதிச்சு செத்த தங்கச்சிக்காரி கோமுதான் வந்து அக்காவக் கூப்புடுதான்னும் சொல்லியிருப்பாளே. சொன்னாளா இல்லையா? ஒன் முழியப் பாத்தாலே தெரியுது. உக்காரு. கொழாய்ல தண்ணி வாரதுக்கு இன்னும் நேரங்கெடக்கு. இந்தத் தட்டாங்காய உரிச்சுக்கிட்டே கேளு. நீ இந்தத் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்து கொஞ்ச நாளுதான ஆவுது, மொதல்லருந்து சொன்னாத்தான் ஒனக்கு வெளங்கும்.

என்னயப் பேயும் தள்ளல, பிசாசும் தள்ளல. எங்காதுக்குள்ள தண்ணி கூடிப்போச்சு, அம்புட்டுத்தான். சிரிக்க பாரு. நானும் சிரிச்சேன். மானம் பாத்து மானம் பாத்து கழுத்து வலிச்ச கரிசக்காட்டுக்காரி நான். காட்டுக்கு வராத தண்ணி எங்காதுக்குள்ள வந்து தேங்கி நிக்கின்னு டாக்டரம்மா சொன்னா சிரிப்பு வராதா?

போன ஐப்பசில தொடங்குனது. உளுந்து பொடச்சுக்கிட்டு இருக்கேன், எடது காதுல பஞ்ச வச்சு அடச்ச மாதிரி இருக்கு. பெறகு உள்ள ஒரு இரைச்சல். தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குத மிசின் ஓடும்லா, அதே சத்தம். நாம்பாட்டுக்கு சொளகக் கீழ வைக்கேன், வீடு சுத்துது. நின்னு நெதானமா சுத்தல கேட்டியா, கழுகுமலைத் திருழாவுல ராட்டினம் சுத்துமே, அது மாதிரி. உத்தரம் ஒருபக்கம் போவுது, அடுப்பு ஒருபக்கம் போவுது. தரைய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். ஓங்கரிச்சு ஓங்கரிச்சுக் கொடலே வெளிய வந்துரும் போல இருந்துச்சு. பெறகு அதுவா நின்னுட்டு. நானும் பித்தம்னு இஞ்சியத் தட்டிப் போட்டுக் குடிச்சேன். வந்துச்சு போச்சு, வந்துச்சு போச்சுன்னு தை வரைக்கும் ஓட்டிட்டேன்.

அந்தா இருக்கு பாரு தொவைக்கக் கல்லு, அங்கனதான் விழுந்தேன். சேலய அலசிப் பிழிஞ்சுட்டு நிமுருதேன், பின்னால இருந்து யாரோ ரெண்டு கையாலயும் பிடிச்சுத் தள்ளுன மாதிரி இருந்துச்சு. தல சுத்தல, கண்ணு இருட்டல. நின்னவ கீழ கெடக்கேன். நெத்தி கல்லுல மோதி ரத்தம். நெனவெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நல்லா இருந்ததாலதான வந்த கோவத்துல, "எவட்டி அது, என்னயத் தள்ளுனது"ன்னு திரும்பிப் பாத்து வஞ்சேன். பின்னால ஒரு ஆளில்ல. நம்ம வெள்ளாட்டுக் கெடா மட்டும் நின்னு அச போட்டுக்கிட்டு இருக்கு. இதக் கனகம் அவ வீட்டுத் துணிக்கொடிக்கிட்ட நின்னு கேட்டுட்டா. அவ காதுலதான் ஒரு கோளாறும் கெடையாதே.

மளிகைக்கட பாய்தான் சரக்கெறக்க வச்சிருந்த ஆட்டோவுல என்னயத் தூக்கிப் போட்டுக் கோயில்பட்டிக்குக் கொண்டு போனாரு. மொளகா வத்தல் மூட்டைக்கு நடுவுல ஒக்காந்து தும்மிக்கிட்டே போனேன். சுப்பு தீப்பெட்டி ஆபீஸ்லருந்து கையில குச்சி மருந்து ஒட்டுனபடியே ஓடியாந்துட்டா.

சுப்பு யாருன்னு ஒனக்குத் தெரியுமா? நான் பெத்த மகள்னு நெனச்சிருப்ப. எந்தங்கச்சி கோமு பெத்தது. பால் மறக்கதுக்கு முன்னாலயே எங்கைக்கு வந்துட்டா. வளத்தேன், கட்டிக் குடுத்தேன், அவ பிள்ளையளும் பெரிசாகித் திருப்பூருக்குப் போயாச்சு. மாப்பிள்ள லாரி ஓட்டுதாரு, வந்தா விருந்தாளி. அதனால சுப்பு இப்பம் எங்கூடத்தான். பெரியம்ம, பெரியம்மன்னு உசுர விடுவா. ஆனா பேச்சி, அவளுக்கு வெவரம் தெரிஞ்ச நாளுலருந்து நெஞ்சுல ஒரே முள்ளு. பள்ளிக்கூடத்துல சண்டன்னா, "ஒங்கம்ம ஒன்னயத் தொட்டில்ல போட்டுட்டுப் போயி குதிச்சவதான"ம்பாவ. வாக்கப்பட்டுப் போன எடத்துலயும் மாமியாக்காரி அதே சொல்லத்தான் எடுத்தா. பெத்தவ தன்ன வேண்டாம்னுதான் போனாளான்னு ஒரு பிள்ளைக்கு இருந்தா அது எப்படி நல்லா ஒறங்கும்? எங்கிட்ட ஒருநாளும் கேட்டதில்ல. கேக்காம இருந்ததுதான் எனக்குக் கஷ்டம்.

சரி, ஆசுபத்திரிக்கு வாரேன். நெத்தியில தையலப் போட்டுட்டு, என்ன செய்யுது ஆச்சின்னு கேட்டாவ. நான் "மயக்கம்"னேன். நாம எல்லாத்துக்கும் மயக்கம்னுதான சொல்லுவோம்? பசிச்சாலும் மயக்கம், வெயில்ல நின்னாலும் மயக்கம். அவிய படிச்சவிய, மயக்கம்னா நெனவு தப்புததுன்னு எடுத்துக்கிட்டாவ. நெஞ்சுல வயர ஒட்டிப் படம் எடுத்தாவ, பிரசர் பாத்தாவ, சுகர் பாத்தாவ, கையில ஊசியக் குத்தித் தண்ணி ஏத்துனாவ. எல்லாம் நல்லா இருக்குன்னே வருது. நல்லா இருக்குன்னு சொல்லச் சொல்ல எனக்குப் பயம் கூடுது. ஒண்ணுமில்லன்னா அப்பம் என்னயத் தள்ளுனது யாரு?

பக்கத்துக் கட்டில்ல எப்போதும்வென்றான்காரி ஒருத்தி. சர்க்கரை கூடிக் கால்ல புண்ணு. "ஊரு பேரு எப்போதும்வென்றான், நான் சீனிகிட்டத் தோத்துப்போயி கெடக்கேன் மதினி"ம்பா. அவதான் எனக்குத் தெம்பு. அவ மகன் கொண்டாந்த இட்லில பாதி எந்தட்டுக்கு வந்துரும். கடைசியா ஒரு சின்ன வயசு டாக்டரு வந்தாரு. எங்கட்டில்லயே ஒக்காந்து, "ஆச்சி, கண்ணு இருட்டிக்கிட்டு வருமா, இல்ல வீடு சுத்துமா"ன்னு கேட்டாரு. "வீடுதான் அய்யா சுத்துது. நான் எங்க சுத்துதேன்"னேன். "அப்பம் இது மயக்கம் இல்ல, சுத்து. காதப் பாக்கணும்"னுட்டாரு. ஒரு சொல்ல மாத்திச் சொன்னதுக்கு எம்புட்டு ஊசி பாத்தியா.

திருநெல்வேலில ஒரு காது டாக்டரம்மாட்ட அனுப்புனாவ. அங்கன கூட்டம்னா அப்படிக் கூட்டம். சீட்ட வாங்கிக்கிட்டு ஒக்காந்திருக்கோம். எல்லாருக்கும் காதுக் கோளாறுங்கதால நர்சு பேரக் கூப்புட்டா ஒருத்தருக்கும் கேக்கல. அவ தொண்ட கிழிய ஒரு பேரக் கத்துதா, பக்கத்துல இருந்த கெழவரு எங்கிட்ட, "என்னயா கூப்புடுதாவ"ங்காரு. நான் என்னத்தக் கண்டேன், எனக்கு எடது காதுல மிசின் ஓடுது. சுப்பு மட்டும் சிரிக்கல. எம்முந்தியப் பிடிச்சுச் சுருட்டிக்கிட்டே ஒக்காந்திருந்தா. பேரன் பேத்தி எடுக்கப் போறவ, சின்னப் பிள்ளையில எப்படிப் பிடிச்சாளோ அப்படியே பிடிச்சிருந்தா.

ஒரு அறைக்குள்ள தனியா வச்சு அடச்சாவ. வெளிச் சத்தம் ஒண்ணும் வராது. காதுல மாட்டி, குய்யுன்னு கேட்டா கையத் தூக்கச் சொன்னாவ. வலது காதுக்கு நல்லாத் தூக்குனேன். எடது காதுக்குக் கை தூக்கவே இல்லியாம். பெறகு காதுக்குள்ள பச்சத் தண்ணி, அதுக்குப் பெறகு சுடுதண்ணி. அதுலயே தல கிறுகிறுத்துச்சு. அப்படிச் செஞ்சாத்தான் எந்தக் காது சொணங்கிக் கெடக்குன்னு தெரியுமாம். தலைய ஒரு குழாய்க்குள்ள விட்டுப் படம் எடுத்தாவ. தடதடன்னு ஒரு சத்தம், ஊர்க் கொடையில மேளத்துக்குள்ளயே தலைய விட்ட மாதிரி. மூளையில ஒண்ணுமில்லன்னு வந்துட்டு. அதுவரைக்கும் சுப்பு பச்சத்தண்ணி குடிக்கல.

டாக்டரம்மா நல்ல பிள்ள. எங்கையப் பிடிச்சுக்கிட்டுதான் பேசுவாவ. "ஆச்சி, காதுக்குள்ள நத்தக்கூடு மாதிரி ஒண்ணு, அத ஒட்டி மூணு வளையம் இருக்கு. அதுக்குள்ள தண்ணி. நீங்க நிமுந்தா, குனிஞ்சா, அந்தத் தண்ணி அசைஞ்சு மூளைக்குச் சேதி சொல்லும். அதாலதான் விழாம நிக்கோம். அந்தத் தண்ணி கூடிப்போச்சுன்னா தப்புத் தப்பாச் சேதி சொல்லும். அப்பம் கண்ணு ரெண்டும் ஒருபக்கமாத் துடிச்சுத் துடிச்சு ஓடும். அத நான் பாக்கணும். நீங்க எங்கிட்ட வரும்போது ஒங்களுக்குச் சுத்தல. சுத்தும்போது நான் ஒங்க பக்கத்துல இல்ல. அதனால எனக்குப் பதிலா இத ஒங்ககூட அனுப்புறேன்"னு ஒரு சாமானத்தத் தந்தாவ.

நீ பாத்திருப்பியே. நெத்திப்பொட்டு ரெண்டுலயும், ஒரு கண்ணுக்கு மேலயும் கீழயும் வட்டவட்டமா ஒட்டிக்கிடும். அதுலருந்து நூலு மாதிரி வயரு, கழுத்துல தொங்குத சின்னப் பெட்டிக்கு வரும். குளிக்கும்போது கழத்தி வச்சுட்டு, பெறகு சுப்பு ஒட்டி விடுவா. பெட்டில ஒரு பித்தான் இருக்கு. தல சுத்துனா அத அமுக்கணும். கண்ணு எப்படி ஓடுதுங்கத அது பிடிச்சு வச்சுக்கிடும். கண்ணு துடிக்கும்னதும் நான் டாக்டரம்மாட்ட, "பொம்பளைக்கு எடது துடிச்சா நல்லதுல்லா, எடதுதான துடிக்கும்"னேன். "ரெண்டும் சேந்துதான் துடிக்கும் ஆச்சி, நல்லது கெட்டது நான் பாத்துச் சொல்லுறேன்"னாவ.

அதக் கழுத்துல போட்டுக்கிட்டு நான் தெருவுல போனா ஒரு மருவாதிதான். கனகம் மட்டும், "என்ன மயினி, ரெண்டு பக்கமும் பத்து போட்டுருக்க, தலவலியா"ன்னா. "இது பத்து இல்ல, டாக்டரம்மா எங்கண்ணுக்கு வச்ச காவல். நீ யாரப் பத்தி என்ன பேசுதங்கதும் இதுல பதியும்"னேன். அன்னைலருந்து என்னயக் கண்டா வாயத் தொறக்கல. இப்பந்தான் கழத்தியாச்சுன்னு தெரிஞ்சு ஒங்கிட்ட வந்திருக்கா.

அந்த நாளையில எனக்குச் சுத்து வந்துச்சு. கோழியப் பிடிச்சு அடைக்கும்போது ஒருக்க, சும்மா ஒக்காந்திருக்கும்போது ஒருக்க. தரையில கெடந்துக்கிட்டே பித்தானத் தேடி அமுக்குனேன். கஷ்டந்தான். ஆனா அமுக்குனதும், யாரோ ஒருத்தர் பக்கத்துல இருந்து பாக்காவங்கது மாதிரி ஒரு ஆறுதல்.

இன்னொண்ணும் நடந்துச்சு. நான் அடுப்புக்கிட்ட ஒக்காந்திருக்கேன். சுப்பு ஆபீஸ்லருந்து வந்தவ, கையக்கூடக் கழுவல. கனகம் அவகிட்டயும் சொல்லியிருக்கா. எம்முன்னால ஒக்காந்து கேக்கா, "பெரியம்ம, ஒன்னய யாரோ தள்ளுன மாதிரி இருந்துச்சாமே. எங்கம்மையும் சாகதுக்கு முன்னால இப்படித்தான் சொன்னாளாம்லா. நீயும் என்னய வேண்டாம்னு போயிருவியா?"

நீயும்னு கேட்டா பாரு. அந்த ஒரு சொல்லுலயே அம்பது வருசமா அவ கேக்காத கேள்வி இருந்துச்சு. எனக்கு அடுப்பு, சுவரு, அவ மூஞ்சி எல்லாம் சுத்துச்சு. கை தானாப் போயி பித்தான அமுக்கிட்டு.

பெட்டியக் கொண்டு போயிக் குடுத்தோம். டாக்டரம்மா அத டிவி மாதிரி ஒண்ணுல மாட்டிப் பாத்தாவ. எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனா கோடு தெரியும்லா. சும்மா இருந்த கண்ணுக்கு ஒழவு சாலு மாதிரி கோடு. சுத்து வந்த எடத்துல கதிரருவாப் பல்லு மாதிரி கோடு, ஒருபக்கம் சாஞ்சு சாஞ்சு ஒரே அளவா. "இந்தா இருக்கு ஆச்சி. இது காதுதான். இதுக்குப் பேயும் காரணமில்ல, பித்தமும் காரணமில்ல"ன்னாவ. எனக்கு வந்த சந்தோசம் இருக்கே, எந்திரிச்சு அந்த டிவியக் கும்பிட்டுட்டேன்.

பெறகு ஒரு எடத்தக் காட்டி, "இங்க அமுக்கியிருக்கீங்க, ஆனா கண்ணு ஒழுங்கா இருக்கே. அன்னைக்கு என்ன செஞ்சீங்க"ன்னு கேட்டாவ. சுப்பு நாளு பாத்துச் சொன்னா, அன்னைக்குச் சந்தை. "முருங்கக்கா வெல கேட்டேன். தல சுத்துச்சு. சுத்துனா அமுக்கச் சொன்னிய, அமுக்குனேன்"னேன். அவிய சிரிச்ச சிரிப்புல வெளிய இருந்த நர்சு எட்டிப் பாத்தா.

அடுத்து இன்னொரு எடம். அங்கனயும் கண்ணு அசையல. "இது எந்த வெல கேட்டது ஆச்சி?"ன்னாவ, சிரிச்சுக்கிட்டேதான். நான் சுப்புவப் பாத்தேன். சுப்புதான் தலையக் குனிஞ்சுக்கிட்டு, "அது நான் கேட்டது டாக்டர்"ன்னு சொல்லிட்டா. முழுசும் சொல்லிட்டா.

டாக்டரம்மா சிரிப்ப நிறுத்தி, பேனாவக் கீழ வச்சாவ. "ஒங்கம்மா என்ன சொன்னாங்களாம்? தள்ளுன மாதிரின்னா?"

அப்பந்தான் நான் வாயத் தொறந்தேன். கோமுவ நாகலாபுரத்துப் பக்கம் ஒரு காட்டுக்காரன் வீட்டுல குடுத்திருந்துச்சு. இந்தச் சுப்பு பெறந்த பெறகு, காதுக்குள்ள வண்டு கத்துதுக்கா, வண்டு கத்துதுக்கான்னு சொல்லிக்கிட்டே கெடப்பா. எங்கம்ம வெளக்கெண்ணெயக் காய்ச்சி ஊத்துனா. ஒருபக்கமா நின்னு கூப்புட்டா திரும்ப மாட்டா, மாமியாக்காரி அதத் திமிருன்னா. களத்துல ரெண்டு மட்டம் விழுந்தா. கேட்டா, "யாரோ பின்னால நின்னு தள்ளுத மாதிரி இருக்குக்கா"ன்னா. அவிய வீட்டுல, "நாங்க தள்ளுதோம்னு ஊர்ல சொல்லுதியோ"ன்னு அடிச்சாவ. எங்க வீட்டுல கோடாங்கிட்டக் கூட்டிட்டுப் போனாவ. அவன் உடுக்க அடிச்சு, வேப்பங்கொழையால வீசி வீசி, "தள்ளுதது யாரு, பேரச் சொல்லு"ன்னு கேட்டான். அந்தப் பிள்ள யார் பேரச் சொல்லும்? காதுல இருக்க தண்ணிக்குப் பேரா இருக்கு? அழுதுக்கிட்டே நின்னுச்சு. பெறகு எங்கம்ம, "கண்டதையும் நெனைக்காம மாப்பிள்ள வீட்டுல போயிப் பிழை"ன்னு அனுப்பி வச்சா. போன மறுநாளே தண்ணி எடுக்கப் போன கெணத்துல கெடந்தா. ஊரு கூடி குதிச்சுட்டான்னுட்டு. பாத்த ஆளு ஒருத்தருமில்ல.

டாக்டரம்மா நாற்காலிய இழுத்து சுப்புகிட்டப் போட்டாவ. பெறகு, "இந்த வியாதில சிலபேரு நின்ன நெலையிலயே விழுவாங்க. சுத்தக்கூட நேரமிருக்காது, நெனவும் தப்பாது. கேட்டா யாரோ பிடிச்சுத் தள்ளுன மாதிரி இருந்துச்சுன்னுதான் சொல்லுவாங்க. எங்கிட்ட வந்தவங்க நெறயப் பேரு இதே வார்த்தையச் சொல்லியிருக்காங்க. ஒண்ணுரெண்டு குடும்பத்துல அக்கா தங்கச்சிக்குச் சேந்தும் வரும்"னாவ.

சுப்பு மூஞ்சியப் பாக்கணுமே. "அப்பம் எங்கம்ம குதிக்கலயா டாக்டர்?"

"பாக்காத ஒருத்தரப் பத்தி நான் அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. சொன்னா அது பொய். ஆனா..." அவ கையப் பிடிச்சாவ. "விழுந்திருக்கலாம்."

விழுந்திருக்கலாம். கேட்டியா பேச்சி, அந்த ஒரு சொல்லு. இத்தன வருசத்துல ஊர்ல ஒருத்தர் வாயிலருந்தும் வராத சொல்லு. எல்லாரும் குதிச்சா, குதிச்சான்னு முடிச்சுட்டாவளே தவிர, விழுந்திருக்கலாம்னு சொல்ல ஒரு நாக்கு இல்லாம போச்சே. எங்கம்ம சாகப் போறப்ப வாயில தண்ணி ஊத்துனோம். அத முழுங்காம, "நான் போன்னதுக்கா போனா கோமு"ன்னுதான் கேட்டா. அதுதான் அவ கடைசிப் பேச்சு. அவளுக்கு இந்தச் சொல்லக் கொண்டு குடுக்க வழியில்லையே. நல்லா இருந்த பிள்ளையப் பேயின்னு அடிச்சு, திமிருன்னு அடிச்சு... இன்னைக்கு இருந்தா அது கழுத்துலயும் ஒரு பெட்டியப் போட்டு விட்டிருப்பேன்.

வெளிய வந்தோம். பஸ்ஸுல சுப்பு சன்னலோரமா ஒக்காந்துக்கிட்டா. கயத்தாறு தாண்டுனதும் எம்பக்கம் திரும்புனா. "பெரியம்ம, கொடம் எங்கன கெடந்துச்சு?"

"கெணத்து மேட்டுல நிமுந்து இருந்துச்சு தாயி. வாளியும் கயிறும் கெணத்துக்குள்ள கெடந்துச்சு."

"கொடம் நெறஞ்சிருந்துச்சா?"

"பாதிக் கொடம்."

அவ வெளிய பாத்துக்கிட்டே இருந்தா. "சாகப் போறவ பாதிக் கொடம் எறப்பாளா பெரியம்ம"ன்னா. கேள்வியா கேக்கல. தனக்குத்தான சொல்லிக்கிட்ட மாதிரி. பெறகு எந்தோள்ல சாஞ்சு அழுதா பாரு, பஸ்ஸே திரும்பிப் பாக்குது. கண்டக்டரு, யாரும் தவறிட்டாங்களா ஆச்சின்னு கேட்டாரு. ஆமய்யான்னு சொன்னேன். வேற என்ன சொல்ல? அன்னைக்குத்தான அவளுக்கு அம்ம செத்தா. அதுவரைக்கும் அவ அம்ம ஓடிப்போனவளாத்தான இருந்தா.

இப்பம் எனக்கு மாத்திரை உண்டு. உப்பு ஆகாது, உப்பு சேந்தா காதுல தண்ணி கூடுமாம். கருவாடு போச்சு, ஊறுகா போச்சு, மோர் மொளகாயும் போச்சு. பாய் வீட்டம்மா உப்பில்லாம கஞ்சி காய்ச்சிக் குடுத்து விடுதா. அவ மனசுக்காகக் குடிக்கேன். எடது காது இனி திரும்பாதுன்னுட்டாவ. விழுததும் அறவே நிக்கும்னு உறுதியாச் சொல்லல. அடுப்பு, மேடு, தண்ணி, இதுக்கிட்டயெல்லாம் தனியா நிக்கக் கூடாது, பக்கத்துல ஒரு ஆளு வேணும்னாவ. ஒரு ஆளுதான். கோமு பக்கத்துல அன்னைக்கு ஒரு ஆளு நின்னிருந்தா...

ஏட்டி, கொழா இருமுது கேளு. எனக்கே கேக்குதுன்னா ஒனக்குக் கேக்கலியா? தண்ணி வந்துட்டு. ஓடு, ஒங்கொடத்த எடுத்துட்டு வா, கனகம் முந்திக்கிடுவா. தட்டாங்காய அப்படியே வையி, பெறகு பாத்துக்கிடலாம். சுப்பு, ஏ சுப்பு, அந்தப் பித்தளைக் கொடத்த எடு. வந்துட்டியா? எம்பக்கத்துல நில்லுன்னா, முந்தியப் பிடிச்சுக்கிட்டு நிக்கா பாரு. நான் எங்கயும் போகலட்டி, விடு முந்திய. கொடம் நெறயப் போவுது.